துருவுக்கும் தரம் உண்டு: கோண்டோலா வண்டிக்குப் பழைய இரும்புச் சுமை

மாடல் ரயிலில் பழைய இரும்புச் சுமை என்றால் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். உடைந்த கைக்கடிகாரத்தின் பல்சக்கரங்கள், கிட்டில் மிச்சமான பிளாஸ்டிக் துண்டுகள், நாலு ஸ்க்ரூ, கொஞ்சம் கம்பி எல்லாவற்றையும் கோண்டோலா, அதாவது மேலே திறந்த சரக்கு வண்டிக்குள் கொட்டி, மேலே பிரவுன் பெயின்ட் அடித்துவிடுவது. தள்ளி நின்று பார்த்தால் சுமை மாதிரிதான் இருக்கும். கிட்டே போனால் பிரவுன் பெயின்ட் அடித்த வாட்ச் சக்கரங்கள் தெரியும்.

இதில் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. பழைய இரும்பைக் குப்பை என்று நினைத்துக்கொண்டு செய்வதுதான் சிக்கல். ரயிலில் ஏறும் பழைய இரும்பு விலை பேசி, தரம் பிரித்து, இன்ன உலைக்கு என்று அனுப்பப்படும் சரக்கு. நம் ஊர் காயலான் கடையிலேயே தகரம் ஒரு பக்கம், வார்ப்பிரும்பு ஒரு பக்கம் என்றுதான் கிடக்கும். தெருவில் பேரீச்சம்பழம் கொடுத்துப் பழைய இரும்பு வாங்கியவர்கூட தட்டிப் பார்க்காமல் தராசில் போடமாட்டார். அமெரிக்க உருக்காலைக்கு வண்டி வண்டியாகப் போகும் சரக்கில் இந்தப் பிரிப்பு இன்னும் கறாரானது. அதைத் தெரிந்துகொண்டால் சுமையின் அளவு, உயரம், நிறம் மூன்றும் தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடுகின்றன.

நான் இருப்பது மேற்குப் பென்சில்வேனியாவில். வீட்டு பேஸ்மென்ட்டில் எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கு அளவில், 1980களின் கான்ரெயில் பாதை ஒன்று ஓடுகிறது. கான்ரெயில் 1976 ஏப்ரலில் தொடங்கி, 1999-ல் நார்ஃபோக் சதர்ன், சிஎஸ்எக்ஸ் என்ற இரண்டு ரயில் நிறுவனங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் வரை ஓடிய ரயில் நிறுவனம். பிட்ஸ்பர்க் பக்கம் மோனோங்கஹேலா ஆற்றங்கரை முழுக்க அன்று உருக்காலைகள். பிராடக்கில் 1875-ல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்னும் ஓடுகிறது. ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடப்பட்டது. இந்த ஊரில் அந்தப் பத்தாண்டை எடுத்தால் பழைய இரும்புக்குக் கதை தேட வேண்டியதில்லை. மூடிய ஆலைகளே வெட்டப்பட்டுப் பழைய இரும்பாகிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த ஆலைகளுக்கோ பழைய இரும்பு தேவை. ஆக்ஸிஜன் உலையில் சுமார் கால்பங்கு வரை பழைய இரும்பு போடலாம். மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலை முழுக்க முழுக்கப் பழைய இரும்பிலேயே ஓடும்.

அதனால் கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத்தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்வேன்: இது என்ன சரக்கு, எங்கே ஏறியது, எந்த உலைக்குப் போகிறது. பாதையில் உள்ள கார் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்றால் அது புதுத் தகட்டு வெட்டல். துருவே இருக்கக் கூடாது. ஆலையை இடித்த இடத்திலிருந்து என்றால் பீம், தகடு, குழாய். ரயில்வேயின் சொந்தப் பட்டறையிலிருந்து என்றால் சக்கரம், தண்டவாளத் துண்டு, பிரேக் ஷூ. மூன்றும் ஒரே வண்டியில் கலந்து வருவது அரிது. கலந்தால் விலை இறங்கும், எந்த வியாபாரி அதைச் செய்வான்?

காலமும் முக்கியம். 1950களை மாடல் செய்பவர் நீராவி இன்ஜின் உடைத்த துண்டுகளைத் தாராளமாகப் போடலாம். அந்தப் பத்தாண்டில்தான் அவை கூட்டம் கூட்டமாக உடைக்கப்பட்டன. 1980களின் சுமையில் ஒரு நீராவி இன்ஜினின் சக்கரம் தலைநீட்டினால் அது அலங்காரம்தான்.

அளவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மறுசுழற்சி வணிகர் சங்கம் ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஆர்.ஐ. என்ற பெயரில் பல வருடம் இருந்து, 2024-ல் ரீமா என்று பெயர் மாறியது. அவர்களின் தர விவரங்களில் 'நம்பர் 1 ஹெவி மெல்டிங்' என்ற சரக்கு கால் அங்குலமும் அதற்கு மேலும் தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும், எந்தத் துண்டும் 60 அங்குலத்துக்கு 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. உலைக்குள் சரக்கைத் தள்ளும் பெட்டியின் அளவு அது. எச்.ஓ.வில் ஒரு அடி 3.5 மி.மீ. ஆக அந்தத் துண்டு 17.5 மி.மீ. நீளம், 7 மி.மீ. அகலம். அவ்வளவுதான்! விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கடையில் விற்கும் ரெடிமேட் சுமைகளில் பலவற்றில் வண்டியின் பாதி நீளத்துக்கு ஒரு பீம் குறுக்காகக் கிடக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உலைக்குள் போகாது. அந்த நீளப் பீம் உள்ள வண்டி போக வேண்டிய இடம் உருக்காலை அல்ல, வெட்டிச் சிறிதாக்கும் யார்டு. அப்படி ஒரு யார்டு உங்கள் பாதையில் இருந்தால் நீளத் துண்டுகளும் நியாயமே.

'புஷ்லிங்' என்று ஒரு தரம் உண்டு. தொழிற்சாலையில் தகட்டை அச்சில் வெட்டி மிஞ்சும் சுத்தமான வெட்டல்கள், எந்தப் பக்கமும் 12 அங்குலத்தைத் தாண்டாது. நமக்கு 3.5 மி.மீ. இதற்கு ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் அலுமினியம் ஃபாயிலை நாலைந்தாக மடித்து, ஓட்டை போட்ட ஓட்டைகளின் மேலேயே மீண்டும் மீண்டும் ஓட்டை போட்டால், வட்டம் வெட்டிய மிச்சம் போலவே பிறைத் துண்டுகளும் முக்கோணத் துண்டுகளும் கிடைக்கும். பஞ்ச் மழுங்கிவிடும் என்பதால் வீட்டில் யாரும் பயன்படுத்தாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

தடிமன்தான் ஒரு சுமையை உண்மையாக்கும் விஷயம், அதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. கால் அங்குலத் தகடு எச்.ஓ.வில் 0.07 மி.மீ. மாடல் கடையில் கிடைக்கும் மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு 0.25 மி.மீ.; நிஜ அளவில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம், போர்க்கப்பலுக்குப் போடலாம். குளிர்பான டப்பாவின் சுவர் சுமார் 0.1 மி.மீ.; நிஜத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்குலம். அதாவது கனமான தகட்டுக்கு அதுவே போதும். சமையலறை ஃபாயில் சுமார் 0.016 மி.மீ.; நிஜத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீரோ, டிரம், வாஷிங் மெஷின் மாதிரியான தகரச் சாமான்களுக்குச் சரியாக இருக்கும். மெழுகுத்திரி வைக்கும் சின்ன அலுமினியக் கிண்ணமும் சாப்பாடு பேக் செய்யும் ஃபாயில் தட்டும் இவற்றுக்கு இடையில் நிற்கும். ஆக, கனத் தகட்டுக்குக் குளிர்பான டப்பா, கசங்கிய தகரத்துக்கு ஃபாயில், பீமுக்கும் ஆங்கிளுக்கும் மட்டும் ஸ்டைரீன். ஸ்டைரீன் பீமின் இரண்டு முனைகளிலும் ஓரங்களை உள்பக்கமாகச் சரித்து ராவிவிட்டால் கண் அதை மெல்லியது என்று நம்பும். நடுப்பகுதி எப்படியும் குவியலில் மறைந்துவிடும்.

குளிர்பான டப்பாவை வெட்டும்போது கையுறை போடுங்கள். அந்த ஓரம் பிளேடு மாதிரிதான். வெட்டிய துண்டுகளின் இரண்டு பக்கமும் உப்புத்தாளில் தேய்த்தால்தான் பெயின்ட் பிடிக்கும். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தேய்த்த பிறகு ஒவ்வொன்றையும் கொஞ்சம் வளைத்துவிட வேண்டும். காந்தக் கிரேனிலிருந்து விழுந்த தகடு எதுவும் தட்டையாக இருக்காது. கத்தரியால் வெட்டிய நேரான ஓரமும் எல்லாத் துண்டிலும் இருக்கக் கூடாது. கேஸ் கட்டரால் வெட்டிய ஓரம் லேசாக அலைபாயும். சின்ன அரத்தின் முனையால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டால் வந்துவிடும்.

கட்டுகள் செய்வது இருப்பதிலேயே எளிது, பலனும் அதிகம். தகர வெட்டல்களை அமுக்கிக் கனசதுரமாக்கி அனுப்புவார்கள். இரண்டடிக் கட்டு நமக்கு 7 மி.மீ. உள்ளளவு 7 மி.மீ. உள்ள சதுரப் பித்தளைக் குழாயில் ஃபாயில் நறுக்கல்களைப் போட்டு, சதுரக் கட்டையால் இரண்டு பக்கமும் அமுக்கினால் கச்சிதமான கட்டு வெளியே வரும். ஃபாயிலை உருட்டிப் போடாமல், கீற்றுக் கீற்றாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக வரிகள் தெரியும். நிஜக் கட்டின் அடையாளமே அந்த வரிகள்தான். எல்லாக் கட்டும் ஒரே உயரமாக வர வேண்டாம்.

ஷ்ரெட்டரில் அரைத்த கார் இரும்பு, அதாவது கைப்பிடி அளவுத் துண்டுகள், 1960களுக்குப் பிறகு பரவலானது. நமக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். ஃபாயில் தட்டைப் பொடிப் பொடியாக நறுக்கிக் கசக்கலாம். ஆனால் வண்டி முழுக்க நிரப்ப அந்தப் பொறுமை எனக்கு இல்லை. காய்ந்த டீத்தூள் சக்கையை அடியில் நிரப்பி, மேல் அடுக்கு மட்டும் நறுக்கிய ஃபாயில் தூவுகிறேன். சக்கையை அவனில் நன்றாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அரைக்கும்போது பெயின்ட் உரிந்துவிடுவதால் இந்தச் சரக்கு முழுத் துருவாக இருக்காது. சாம்பலும் பழுப்பும் கலந்து, அங்கங்கே மட்டும் வேறு நிறப் புள்ளிகள் தெரியும்.

ரயில்வே பட்டறைச் சுமைக்கு ஒரு யோசனை. மாடல் வண்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழற்றிவிட்டு உலோகச் சக்கரம் போடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கழற்றியவை ஒரு டப்பாவில் கிடக்கும். நிஜத்தில் 33 அங்குலச் சக்கரம் எச்.ஓ.வில் 9.6 மி.மீ.; அந்த டப்பாவில் கிடப்பது அதேதான். அச்சிலிருந்து பிடுங்கி, வரிசையாகச் சாய்த்து அடுக்கினால் ஒரு வண்டிக்குச் சுமை ஆயிற்று. சரக்கு வண்டிச் சக்கரத்தின் முகத்துக்குப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள், விரிசல் மறைந்துவிடும் என்று. அதனால் அவை ஒரே சீரான கரும்பழுப்பாகவே இருக்கும்.

அடுத்தது உயரம். அமெரிக்காவில் பழைய இரும்புக்கு அதிகம் ஓடுவது 52 அடி 6 அங்குல நீளக் கோண்டோலா. உள்ளே அகலம் ஒன்பதரை அடி, ஆழம் நாலரை அடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,240 கன அடி இடம். 100 டன் வண்டி என்றால் 2,00,000 பவுண்டு ஏற்றலாம். இப்போது கணக்கு சுவாரசியமாகிறது. அரைத்த இரும்பு தர விவரப்படி கன அடிக்கு 50 அல்லது 70 பவுண்டு. 70 என்றே வைத்தாலும் விளிம்பு வரை நிரப்பினால் 1,57,000 பவுண்டுதான். எனவே வண்டி நிறைந்தே போகும். ஆனால் கெட்டியான உருக்கு கன அடிக்கு 490 பவுண்டு. அதை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் தரையிலிருந்து பத்து அங்குலம் ஏறும்போதே 100 டன் ஆகிவிடும். மாடலில் 3 மி.மீ.கூட இல்லை. அதனால்தான் கனமான தகடும் வார்ப்பும் ஏற்றிய நிஜ வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் காலி வண்டி மாதிரி தெரியும். சுமை கீழே, பெரும்பாலும் இரண்டு கோடியிலும் உள்ள சக்கரத் தொகுதிகளுக்கு மேலே மட்டும் கிடக்கும். இலேசான தகரம், லேத்துச் சுருள், கட்டு இவைதான் விளிம்பு வரை வரும். என் பாதையில் ஓடும் ரயிலில் நாலு கோண்டோலா சேர்ந்து வந்தால் நாலும் நாலு உயரம். இது ஒன்றைச் செய்தாலே பார்ப்பவர் நின்று பார்ப்பார்.

மேல்பரப்பு மேசை மாதிரி சமமாக இருக்கவும் கூடாது. காந்தமோ நகக்கரண்டியோ ஒரு இடத்தில் நின்று கொட்டும், கொஞ்சம் நகர்ந்து மீண்டும் கொட்டும். எனவே வண்டி நீளத்தில் இரண்டு மூன்று மேடுகள், நடுவில் பள்ளம், இரண்டு கோடியிலும் தாழ்வு. பக்கச் சுவரைத் தாண்டி வெளியே எதுவும் நீட்டக் கூடாது; திறந்த வண்டியில் ஏற்றுவதற்கு அமெரிக்க ரயில்வே சங்கத்தின் விதிகள் இருக்கின்றன, எதிர் தண்டவாளத்தில் வரும் வண்டியும் இருக்கிறது.

நிறம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ரெட் ஆக்சைடு பிரைமரைத் துரு என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கிராதிக்கும் கேட்டுக்கும் அடித்துப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்டது. அது துருவைத் தடுக்க அடிக்கும் பெயின்ட். சிவப்பு அதிகம், எல்லா இடத்திலும் ஒரே நிறம். துரு அப்படி இருக்காது. மழையில் நனைந்து புதிதாகப் பிடித்த துரு ஆரஞ்சாக இருக்கும். நாளாக ஆக அது பழுப்பாகி, பிறகு கறுப்பை ஒட்டிய கரும்பழுப்பாகிறது. பழைய இரும்புக் குவியலில் பெரும்பங்கு அந்தக் கரும்பழுப்புதான். ஆரஞ்சு குறைவு, கீறல் விழுந்த இடம், புதிதாக வெட்டிய ஓரம், தண்ணீர் தேங்கிய குழிவு இவற்றில்தான். ஆலையிலிருந்து உருட்டி வந்த தகட்டின் மேல் நீலம் கலந்த கரும்சாம்பல் செதில் இருக்கும், அது உரிந்த இடத்தில் மட்டும் துரு. துத்தநாகம் பூசிய தகரம் வெளுத்த சாம்பலாகவே கிடக்கும், ஓரத்தில் மட்டும் பழுக்கும். தொழிற்சாலையிலிருந்து அன்றே ஏறிய புஷ்லிங் எண்ணெய்ப் பளபளப்போடு சாம்பல் நிறத்தில் இருக்கும். யார்டில் ஒரு மழை பெய்தால் அதுவே ஆரஞ்சாகிவிடும்.

இத்தனையையும் ஒட்டி முடித்த குவியலின் மேல் பிரஷ்ஷால் கொண்டுவர முடியாது. ஒட்டுவதற்கு முன்பே துண்டுகளைப் பிரித்துப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். நான் ஷூ பெட்டியின் மூடிகளில் துண்டுகளைக் கொட்டி, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு நிறம் என்று ஸ்ப்ரே பிரைமர் அடிக்கிறேன்: கரும்பழுப்பு, நடுத்தரப் பழுப்பு, கரும்சாம்பல், வெளிர்சாம்பல். ஒருமுறை அடித்து, மூடியைக் குலுக்கி, காய்ந்ததும் மறுபடி அடித்தால் எல்லாப் பக்கமும் படும். பிறகு ஓவியர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக்கில் பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, ரா சியன்னா நான்கும் போதும். இந்த மண்நிறங்கள் காலங்காலமாக இரும்பு ஆக்சைடு கலந்த மண்ணிலிருந்து வந்தவை, துருவின் சொந்தக்காரர்கள். அதனால்தான் எப்படிக் கலந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. கிழித்த ஸ்பாஞ்சில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்து, துண்டுகளின் மேல் தட்டினால் போதும், பிரஷ் வேண்டாம். பிரஷ் கோடு போடும், துருவுக்குக் கோடு கிடையாது. மேலிருந்து தண்ணீர் ஒழுகிய தடம் நிற்கும் சுவரில் வரும், குவியலாகக் கிடக்கும் துண்டில் வராது.

என் கணக்கு இப்படி: பாதிக்கு மேல் கரும்பழுப்பு, அதில் பாதி அளவு நடுத்தரப் பழுப்பு, மிச்சத்தில் சாம்பல் வகைகளும் பெயின்ட் ஒட்டியிருக்கும் துண்டுகளும். பிரகாசமான ஆரஞ்சு கண்ணில் படுகிற அளவுக்கு இருந்தாலே அதிகம். பெயின்ட் துண்டுகளில் வெளுத்த நீலம், டிராக்டர் மஞ்சள், பச்சை என்று ஏதாவது இரண்டு போதும், அவையும் ஓரமெல்லாம் பழுத்து. குளிர்பான டப்பாவின் சொந்த நிறத்தையே கொஞ்சம் தேய்த்து விடுவதும் உண்டு. எழுத்து தெரிந்தால் மட்டும் குப்புறப் போட்டுவிட வேண்டும். இன்னொன்று, சின்ன அளவில் நிறங்கள் அடர்ந்து தெரியும். கரும்பழுப்பில் ஒரு துளி சாம்பல் கலந்து வெளுக்கவைத்தால்தான் துண்டுகளின் வடிவம் தெரியும். இல்லாவிட்டால் இருட்டுக் குவியல்.

எந்த விளக்கின் கீழ் ரயில் ஓடுகிறதோ, அதே விளக்கின் கீழ் பெயின்ட் அடியுங்கள். வெயிலில் அருமையாகத் தெரிந்த துரு, மஞ்சள் எல்.இ.டி.யின் கீழ் செங்கல் மாதிரி ஆகிவிடும். வெள்ளை எல்.இ.டி.யின் கீழ் அதுவே சேறு மாதிரி தெரியும்.

நிஜத் துருவையே தூளாகப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். இரும்புக் கம்பளியைச் சோப்புப் போட்டுக் கழுவினால் எண்ணெய் போகும். உப்புத்தண்ணீரில் நனைத்துப் பழைய தட்டில் வைத்து வெளியே சில நாள் விட்டால் பொடிந்துவிடும். உப்பு போக அலசி, காயவைத்து, நசுக்கி, மெல்லிய துணியில் சலித்தால் அருமையான ஆரஞ்சுத் தூள். ஆனால் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அந்தத் தூளின் மேல் ஓட்டி, துருவாகாத இரும்பை எடுத்தாக வேண்டும். இன்ஜின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது. உள்ளே ஒரு இரும்பு இழை போனால் போதும், இன்ஜினுக்கு ஆபத்து. இதே காரணத்துக்காக நிஜ லேத்துச் சுருளையும் இரும்புக் கம்பளியையும் அப்படியே சுமையில் போடவே கூடாது என்பேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பரிலும் காந்தத்தில் ஒட்டும் வகை நிறைய இருக்கிறது, வைத்துப் பார்த்துவிட்டே வெட்டுங்கள். லேத்துச் சுருளுக்கு நான் பயன்படுத்துவது பழைய வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை. ஊசியில் சுற்றி உருவி, நறுக்கி, கரும்சாம்பல் பிரைமர் அடித்தால் எண்ணெய் படிந்த சுருள் அச்சாக வரும்.

சுமையை வண்டிக்குள் நேராக ஒட்டாமல் தனியாக எடுக்கிற மாதிரி செய்வதுதான் எனக்குப் பிடித்தது. வண்டியின் உள்ளளவைவிட எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டர் குறைத்து ஸ்டைரீன் தகட்டில் அடிப்பலகை. மேடு வர வேண்டிய இடத்தில் கட்டிடங்களுக்குப் போடும் இன்சுலேஷன் ஃபோம் துண்டுகளைச் செதுக்கி ஒட்டி, கரும்பழுப்பு அக்ரிலிக் பூச வேண்டும். ஃபோமின் மேல் ஸ்ப்ரே பெயின்ட் நேராகப் பட்டால் கரைந்து குழி விழும், சூப்பர் குளூவும் அப்படியே. அப்புறம் வண்டியின் உள்ளே சமையலறைப் பிளாஸ்டிக் படலம் விரித்து, அடிப்பலகையை உள்ளே வைத்து, அங்கேயே சுமையைக் கட்ட வேண்டும். வெளியே வைத்துக் கட்டினால் ஓரத் துண்டுகள் நீட்டிக்கொண்டு, கடைசியில் உள்ளே இறங்காது.

மூடிகளில் இருக்கும் துண்டுகளைக் கலந்து, கைநிறைய எடுத்து, சற்று உயரத்திலிருந்து விழவிடுங்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக அடுக்கினால் அடுக்கியது தெரியும். விழுந்ததில் கண்ணை உறுத்துவது இருந்தால் மட்டும் எடுங்கள். பிறகு ஐசோபிரப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தெளித்து நனைத்து, தண்ணீர் கலந்த பி.வி.ஏ. பசையை டிராப்பரால் ஓரத்திலிருந்து விட வேண்டும். காய்ந்த பிறகு பசை மின்னும் என்பதால் நான் மின்னாமல் காயும் அக்ரிலிக் மேட் மீடியம்தான் விடுகிறேன், விலை கொஞ்சம் கூட. ஒருநாள் காயட்டும். பிறகு அரை லிட்டர் ஆல்கஹாலில் இரண்டு டீஸ்பூன் இந்தியன் இங்க் கலந்த கரைசலை ஒருமுறை பூசினால் இடுக்குகள் இருண்டு குவியலுக்கு ஆழம் வரும். கடைசியில் துருத்தூளோ பிக்மென்ட் தூளோ பள்ளங்களில் மட்டும், முகமூடி போட்டுக்கொண்டு. மேட் லாக்கர் அடித்த பரப்பின் மேல் இந்த ஆல்கஹால் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், எனவே இங்க் முதலில், லாக்கர் பிறகு. துருத்தூளின் மேல் லாக்கர் அடித்தால் தூளின் நிறம் மங்கும். சுமையை யாரும் கையால் தொடப்போவதில்லை என்றால் லாக்கரே வேண்டாம்.

எடை விஷயத்தில் கோண்டோலா எப்போதும் தொந்தரவு, காலி வண்டியில் எடை ஒளிக்க இடமே கிடையாது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் அளவு, எச்.ஓ.வில் ஒரு அவுன்ஸ், அதோடு வண்டி நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். ஏழு அங்குல வண்டிக்கு நாலரை அவுன்ஸ், சுமார் 128 கிராம். சுமையின் அடிப்பலகைக்குக் கீழே மிச்ச எடையை ஒட்டிவிடலாம். அதில் இரும்பு வேண்டாம், பித்தளையோ டங்ஸ்டனோ போடுங்கள். வண்டிகளை இணைக்கும் கப்ளரைப் பிரிக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே காந்தம் பதித்திருந்தால், அடியில் இரும்பு உள்ள வண்டியை அது இழுத்து ஆட்டும். மேலே ஒரு மேட்டுக்குள் மட்டும் சின்ன இரும்பு வாஷர் ஒன்றைப் புதைத்துவைக்கிறேன். குச்சி முனையில் ஒட்டிய காந்தத்தால் தொட்டால் மொத்தச் சுமையும் மேலே வந்துவிடும், விரலால் நெம்ப வேண்டியதில்லை. நிஜக் காந்தக் கிரேன் மாதிரியே இருப்பதால் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இதை விடுவதே இல்லை.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இரும்பு ஏற்றும் கோண்டோலாவின் உள்பக்கத்தில் பெயின்ட் இருக்கவே இருக்காது. விழுகிற சரக்கு தேய்த்துத் தேய்த்துத் தரை பழுப்பும் சாம்பலுமாக இருக்கும். பக்கச் சுவர் தூண்களுக்கு இடையே வெளிப்பக்கம் புடைத்திருக்கும், மேல் விளிம்பு அங்கங்கே வளைந்திருக்கும். பிளாஸ்டிக் சுவரை ஹேர் டிரையரால் சூடாக்கி, உள்ளேயிருந்து மழுங்கிய கட்டையால் மெல்ல அழுத்தினால் புடைப்பு வரும். புத்தம்புது வண்டியில் அருமையான துருச் சுமை இருந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

சுமை உலைக்குப் போகும், வண்டி காலியாகத் திரும்பும். சுமையைத் தனியாகச் செய்ததன் பலன் இங்கேதான். காலி வண்டியின் தரையை மட்டும் துடைத்துவைத்த மாதிரி விட்டுவிடாதீர்கள். காந்தம் எடுக்காமல் விட்ட துணுக்குகள், மண், துருத்தூள் கொஞ்சம் மூலைகளில் ஒட்டியிருக்க வேண்டும். தடிமன் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், மேலே போனால் அடிப்பலகை உட்காராமல் ஆடும்.